“வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்ற கேள்விக்கு

கேள்வி: நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவள். கணவர் கத்தோலிக்கர். இப்போது எனக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே திருமுழுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கணவர் வீட்டில் சொல்கிறார்கள். வேதபாடக் குழு ஒன்றை நடத்தும் என் அண்ணன், “குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது? அது மனிதருடைய பாரம்பரியம். மாற்கு ஏழாம் அதிகாரத்தை வாசித்துப் பார்” என்கிறார். கணவரோ, “அந்த வேதத்தையே தொகுத்துக் கொடுத்தது திருச்சபைதான். கொடுத்தவரை நம்பாமல் கொடுத்ததை மட்டும் எப்படி நம்புவாய்?” என்று கேட்கிறார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகவே படுகிறது. வேதம் போதுமா, போதாதா? போதும் என்றால் சபை மரபு எதற்கு?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் இறையியல் மாணவர்களுக்குச் சபை வரலாறு கற்பிப்பவன். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு சீர்திருத்தச் சபையின் அங்கத்தினன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஆனால் உங்கள் கணவரின் கேள்வியை எங்கள் பக்கத்தில் பலர் காதில் விழாததுபோல் கடந்துவிடுவார்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் உண்டு என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் எழுதியில்லை. அந்த 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் வரிசைப்படுத்தி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பட்டியல், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பண்டிகையை முன்னிட்டு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு நிலவரம் இவ்வளவு தெளிவாக இல்லை. நான்கு சுவிசேஷங்களைப் பற்றியும் பவுலின் பெரும்பாலான நிருபங்களைப் பற்றியும் பெரிய சண்டை இல்லைதான். ஆனால் யாக்கோபு, யூதா, பேதுருவின் இரண்டாம் நிருபம், யோவானின் இரண்டாம் மூன்றாம் நிருபங்கள் ஆகியவற்றைப் பலர் அறிந்திருந்தாலும் சிலர் ஏற்கவில்லை என்று நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபை வரலாற்றை எழுதிய யூசேபியஸ் குறிப்பிடுகிறார். எபிரெயர் நிருபம் மேற்கிலும், வெளிப்படுத்தின விசேஷம் கிழக்கிலும் நெடுங்காலம் ஐயத்தோடு பார்க்கப்பட்டன. மறுபுறம், ‘எர்மாவின் மேய்ப்பன்’ என்ற நூலைச் சில இடங்களில் வேதத்துக்கு இணையாக மதித்தார்கள். எது உள்ளே, எது வெளியே என்பது எப்படி முடிவாயிற்று? எந்த நூல் அப்போஸ்தலர் காலத்திலிருந்து வந்தது, எது சபைகளின் ஆராதனையில் பரவலாக வாசிக்கப்பட்டது, எது தாங்கள் பெற்றுக்கொண்ட விசுவாசத்தோடு ஒத்துப்போகிறது என்று சபைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான். உங்கள் அண்ணன் கையில் இருக்கும் வேதாகமத்தின் பொருளடக்கப் பக்கம் அந்த மரபின் வழியாக வந்தது. அதை அவர் மறுக்க முடியாது. மறுக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

இதுவரை கணவரின் வாதம் உறுதியானது. “ஆகவே வேதத்துக்கு அதிகாரம் தந்ததே சபைதான்” என்று அடுத்த அடியை அவர் எடுத்துவைத்தால், அங்கே நான் அவரோடு வர மாட்டேன். அத்தனாசியுஸ் அந்த நூல்களுக்குப் பட்டம் சூட்டவில்லை. ஏற்கெனவே சபைகளை ஆண்டுகொண்டிருந்த நூல்களின் பெயர்களை எழுதினார். பேதுருவின் இரண்டாம் நிருபம் பவுலின் நிருபங்களை ‘மற்ற வேதவாக்கியங்கள்’ என்ற வரிசையில் சேர்த்தே பேசுகிறது. லியோன் நகரின் ஆயர் இரேனேயுஸ் 180 வாக்கிலேயே சுவிசேஷங்கள் நான்குதான், கூடவும் முடியாது குறையவும் முடியாது என்று அடித்துச் சொல்கிறார். அப்போது இதைத் தீர்மானிக்க ஆயர்களின் சங்கம் எதுவும் கூடியிருக்கவில்லை. 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிப் பட்டியல் வெளியிட்டவை வட ஆப்பிரிக்காவின் வட்டாரச் சங்கங்கள். இதை ஏற்காதவர் சபைக்குப் புறம்பானவர் என்ற கண்டிப்போடு ரோமத் திருச்சபை பட்டியலை வரையறுத்தது 1546-ஆம் ஆண்டு திரெந்துச் சங்கத்தில். சங்கத் தீர்ப்புதான் வேதத்தை வேதமாக்குகிறது என்றால், அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் விசுவாசிகள் கையில் இருந்தது என்ன என்ற கேள்வி வரும். கத்தோலிக்க இறையியலும் அப்படிச் சொல்வதில்லை என்பதைக் கணவரிடம் சொல்லுங்கள். 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம், இந்த நூல்களுக்கு ஆசிரியர் இறைவன் என்பதாலேயே சபை அவற்றைப் புனிதமாகக் கொள்கிறது என்றும், பின்னால் சபை அங்கீகரித்ததால் அவை புனிதமாகிவிடவில்லை என்றும் தெளிவாகவே அறிவித்திருக்கிறது.

பழைய ஏற்பாட்டையும் எண்ணிப் பாருங்கள். அதைக் காத்து நமக்குக் கொடுத்தவர்கள் யூதர்கள். தேவனுடைய வாக்கியங்கள் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன என்று ரோமர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் அதை அவர்களுடைய மேன்மையாகவே சொல்கிறார். கொடுத்தவர் சொல்லும் விளக்கத்துக்குப் பணிந்தே ஆகவேண்டும் என்றால் நாம் யாருமே கிறிஸ்தவர்களாக இருக்க முடியாது. மாற்கு ஏழில் இயேசு என்ன செய்கிறார்? மூப்பர்கள் காத்துவந்த அதே நூலை எடுத்து, மூப்பர்களின் வழக்கத்தைத் திருத்துகிறார். நூலைச் சுமந்து வந்தவர்களும் அந்த நூலுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். கணவரின் வாதமும் அண்ணன் காட்டும் வேதப்பகுதியும் இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன. என் பதிலின் மையமும் இதுவே.

இப்போது அண்ணன். மாற்கு ஏழில் கண்டிக்கப்படுவது எது என்று நிதானமாக வாசித்தால், அவர் நினைப்பதைவிடக் குறுகிய ஒன்றுதான் அங்கே இருக்கிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்கு நேர்ந்தது, என்று சொல்லிவிட்டால் பெற்றோரைத் தாங்கும் கடமை தீர்ந்தது என்ற வழக்கம். ஒரு கட்டளையையே செல்லாததாக்கிய மரபு அது. மரபு என்று பெயர்கொண்ட எல்லாவற்றையும் இயேசு ஒதுக்கிவிடவில்லை. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் வாரந்தோறும் ஜெப ஆலயத்தில் கூடும்படியான கட்டளையைத் தேடினால் கிடைக்காது. யோவான் பத்தாம் அதிகாரத்தில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது அவர் எருசலேமில் இருக்கிறார். அந்தப் பண்டிகை மக்கபேயர் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் நூற்றாண்டில் ஏற்பட்டது. உங்கள் அண்ணனின் வேதாகமத்திலுள்ள 66 நூல்களில் எதிலும் அதை நிறுவிய கட்டளை இல்லை.

பவுலோ இன்னும் வெளிப்படையானவர். வாய்மொழியாகவோ நிருபத்தின் வழியாகவோ தாங்கள் ஒப்புவித்ததைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார். திருவிருந்தைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் கொரிந்தியருக்கு எழுதும்போது, தான் பெற்றுக்கொண்டதையே ஒப்புவித்ததாகச் சொல்கிறார். அந்த நிருபம் எழுதப்பட்டது 50-களின் நடுவில். நம்மிடம் உள்ள சுவிசேஷங்கள் அதற்குப் பிறகே எழுதப்பட்டன என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதாவது, பக்கத்தில் ஏறும் முன்பே சுவிசேஷம் வாய்வழியாக நடமாடியது. “வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்” என்று இயேசு சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் பவுல் நினைவூட்டுகிறார். நான்கு சுவிசேஷங்களிலும் அந்த வாக்கியம் இல்லை.

வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்ற தீமோத்தேயு வசனத்தை அண்ணன் அடிக்கடி சொல்வார் என்று ஊகிக்கிறேன். சொல்லவேண்டிய வசனம்தான். ஆனால் அதற்கு இரண்டு வசனங்கள் முன்னால், கற்றவற்றில் நிலைத்திருக்கும்படி தீமோத்தேயுவிடம் பவுல் சொல்லும்போது, அவற்றை யாரிடம் கற்றாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறார். நிருபத்தின் தொடக்கத்தில் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் பெயரோடு வருகிறார்கள். வேதம் தீமோத்தேயுவுக்கு வந்த வழி ஒரு குடும்பத்தின் விசுவாசம். பவுல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நாம்தான் பின்னால் வந்து கட்சி பிரித்துக்கொண்டோம்.

வேதம் மட்டும் கையில் இருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். நான்காம் நூற்றாண்டைப் பாருங்கள். குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ் போதித்தார். அவர் வேதத்தை ஒதுக்கியவர் இல்லை. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரமும், “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்” என்ற யோவான் பதினான்காம் அதிகார வசனமும் அவர் தரப்பின் ஆயுதங்கள். 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வேதச் சொற்களிலேயே விசுவாச அறிக்கையை எழுதத்தான் முதலில் முயன்றார்கள். எந்தச் சொல்லை முன்வைத்தாலும் ஆரியுஸின் நண்பர்கள் அதற்குத் தங்கள் பொருளை ஏற்றி, “இதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம்” என்றார்கள் என்று அத்தனாசியுஸ் பின்னாளில் எழுதுகிறார். முடிவில், வேதத்தில் எங்கும் இல்லாத ஒரு சொல்லைக்கொண்டுதான் வேதத்தின் பொருளைக் காக்க வேண்டியிருந்தது: பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர். இன்று உங்கள் சபையிலும் அந்த அறிக்கையைச் சொல்கிறீர்கள். 1605-இல் போலந்தில் வெளியான சொசீனியர்களின் ராக்கோவிய வினாவிடை நூல், வேதத்தை மட்டுமே நம்பி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்ற திரித்துவத்தை மறுத்தது. அந்த முடிவு தவறு என்று உங்கள் அண்ணன் உடனே சொல்வார். எந்த வாசிப்புக் கண்களால் அதைத் தவறு என்று கண்டுகொள்கிறார்? நிசேயா அவருக்குப் பழக்கிவிட்ட கண்களால்தான்.

இதற்கு இரேனேயுஸ் ஒரு படிமம் சொல்லியிருக்கிறார். மணிக் கற்களால் திறமையான கலைஞர் ஒருவர் அரசனின் உருவத்தைப் பதித்திருக்கிறார். ஒருவன் அதே கற்களைப் பெயர்த்து நரியின் உருவமாக அடுக்கிவிட்டு, இவை அரசனின் கற்கள்தானே என்கிறான். கற்கள் உண்மையானவை, அடுக்கு பொய். வசனங்களும் அப்படித்தான் என்கிறார் அவர். அரசனின் முகம் எப்படி இருக்கும் என்பதை ஞானஸ்நானத்தின்போது பெற்றுக்கொண்ட விசுவாசப் பிரமாணத்திலிருந்து சபை அறிந்திருக்கிறது. அதன் சுருக்கம் ஒரே தேவன், மனிதனாக வந்த குமாரன், பாடு, உயிர்த்தெழுதல், வருகை. மரபின் முதன்மையான பணி இது. இதில் கத்தோலிக்கருக்கும் எங்களுக்கும் சண்டை இல்லை, இருக்கக்கூடாது.

ஆனால் அதே இரேனேயுஸைக் கொஞ்சம் தள்ளி வாசித்தால் நமக்குச் சிரிப்பு வரும். இயேசு ஐம்பதை நெருங்கும் வயதுவரை போதித்தார் என்று அவர் எழுதுகிறார். யோவானை நேரில் அறிந்த ஆசியாவின் மூப்பர்கள் சொன்னது என்று சான்றும் காட்டுகிறார். அப்போஸ்தலருக்கு இவ்வளவு அருகில் நின்ற ஒருவர், இவ்வளவு நல்ல சங்கிலியைக் காட்டி, இதை எழுதியிருக்கிறார். எந்தச் சபையும் இதை ஏற்கவில்லை. ஏன்? சுவிசேஷங்கள் தரும் சித்திரத்தோடு அது பொருந்தவில்லை. எழுதப்பட்ட சாட்சி வாய்மொழியைத் திருத்திவிட்டது. “மரபு தவறாது” என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்கு இந்தப் பகுதிதான் நினைவுக்கு வரும்.

சங்கங்களும் அப்படியே. நிசேயா ஏற்ற சொல்லை 268-இல் அந்தியோகியாவில் கூடிய ஆயர்கள் வேறொரு சூழலில் தள்ளியிருந்தார்கள் என்பது நான்காம் நூற்றாண்டிலேயே பேசப்பட்ட செய்தி. 359-இல் ரிமினியில் நிசேயாவுக்குக் கூடியதைவிடப் பெரிய ஆயர் கூட்டம் கூடியது. பேரரசரின் நெருக்கடியில் நிசேயாவின் சொல்லை விட்டுவிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டது. பிற்காலத்தில் ஆரியுஸ் தரப்பு ஆயர் மாக்சிமினுசோடு வாதிட்ட ஹிப்போவின் ஆயர் அகுஸ்தினார் சொன்னது என்ன தெரியுமா? நான் நிசேயாவை முன்வைக்கவில்லை, நீரும் ரிமினியை முன்வைக்க வேண்டாம், இருவருக்கும் பொதுவான வேதத்தை வைத்துப் பேசுவோம் என்றார். சபையின் அதிகாரம் தூண்டியிராவிட்டால் நான் சுவிசேஷத்தையே நம்பியிருக்க மாட்டேன் என்று எழுதியவரும் இதே அகுஸ்தினார்தான். கணவர் ஒன்றை மேற்கோள் காட்டினால் அண்ணன் மற்றொன்றைக் காட்டலாம். அகுஸ்தினாரின் உள்ளத்தில் அவை மோதவில்லை. சபை அவரை நூலிடம் கொண்டுவந்து சேர்த்தது. வந்து சேர்ந்தபின் நூல்தான் தீர்ப்பளித்தது.

மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்று உண்டு: மரபு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு எடையுள்ளவற்றைக் கட்டிவைக்காதீர்கள். 1963-இல் மாண்ட்ரியாலில் கூடிய விசுவாசமும் சபை ஒழுங்கும் பற்றிய உலக மாநாடு இதைத்தான் பிரித்துக் காட்டியது. தலைமுறைகளுக்குக் கைமாறி வரும் சுவிசேஷம் என்ற ஒரே மரபு வேறு. அது வெவ்வேறு சபைகளில் எடுத்துக்கொண்ட வடிவங்களான மரபுகள் வேறு. திரித்துவ விசுவாசமும், தபசுகாலத்தில் எந்த உணவை விலக்குவது என்பதும் ஒரே தட்டில் வைக்கப்பட வேண்டியவை இல்லை. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள்.

வீட்டு வாக்குவாதங்களில் கேட்பதைவிட இரு தரப்பின் அதிகாரபூர்வப் போதனைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாட்டைப் பற்றி வெளியிட்ட கோட்பாட்டு விளக்கம், மறைநூலும் மரபும் ஒரே தெய்வீக ஊற்றிலிருந்து பிறப்பவை என்கிறது. போதிக்கும் அதிகாரம் இறைவார்த்தைக்கு மேற்பட்டதல்ல, அதற்குப் பணிவிடை செய்வது என்றும் அதன் பத்தாம் பிரிவு கூறுகிறது. கீழைச் சபைகளோ வேதத்தையும் மரபையும் இரண்டாகப் பிரித்துப் பேசவே விரும்புவதில்லை. அவர்களுக்கு மரபின் நடுவில் வேதம் அரசாள்கிறது. 1521-இல் வோர்ம்ஸ் மன்றத்தில் திருத்தந்தையரும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள் என்று சொன்ன லூத்தர், பழைய விசுவாச அறிக்கைகளை விடாமல் வைத்துக்கொண்டார். ‘வேதம் மட்டும்’ என்ற முழக்கத்துக்குச் சீர்திருத்தவாதிகள் கொண்ட பொருள், கடைசித் தீர்ப்பு வேதத்துடையது என்பது. முந்தைய 1500 ஆண்டுகளின் வாசிப்பைக் கட்டிவைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து வாசி என்று அவர்கள் சொல்லவில்லை.

நெருக்கம் என்றேன், ஒற்றுமை என்று சொல்லவில்லை. 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணேற்றமடைந்தார் என்பதை எல்லாக் கத்தோலிக்கரும் நம்பவேண்டிய சத்தியமாக அறிவித்தார். சபையின் நெடுங்கால விசுவாசமும் வழிபாடும் அதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். ஒருவர் பக்தியோடு அப்படி நம்புவதை நான் குறைசொல்ல மாட்டேன். அப்போஸ்தலர் எழுத்தில் தெளிவான அடிப்படை இல்லாத ஒன்றை நம்பாதவர் விசுவாசத்திலிருந்து விலகினவர் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இடத்தில் உங்கள் கணவரும் நானும் உடன்பட மாட்டோம். அவருடைய திருச்சபை இதை இலேசாக முடிவுசெய்யவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இனி உங்கள் குழந்தை.

குழந்தை ஞானஸ்நானம் ‘வேதம் அல்லது மரபு’ என்று இரண்டாக வெட்டக்கூடிய விஷயமே அல்ல. அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் தங்கள் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெறுகிறார்கள். அந்த வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்று லூக்கா சொல்லவில்லை. 200 வாக்கில் வட ஆப்பிரிக்க இறையியலாளர் தெர்த்துல்லியன் சிறு பிள்ளைகளுக்குக் கொடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்கிறார். வழக்கம் இருந்ததால்தானே அதை எதிர்த்து எழுதவேண்டி வந்தது? அடுத்த தலைமுறையில் வேத அறிஞர் ஒரிஜென் இதை அப்போஸ்தலரிடமிருந்து வந்த மரபு என்கிறார். 250-களில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானும் உடன் ஆயர்களும், பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். இதையெல்லாம் கேட்டுக் கணவர் மகிழ்வார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நான்காம் நூற்றாண்டின் நசியான்சு கிரகோரியார் ஓர் ஆயரின் மகன். அவர் ஞானஸ்நானம் பெற்றது வளர்ந்து ஆளான பிறகு. அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா உறுதியான விசுவாசி. சிறுவயதில் மகன் கடும் நோயில் விழுந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடானது, அவர் தேறியதும் அது தள்ளிவைக்கப்பட்டது. 387-இல், 32 வயதில், மிலானில் அம்புரோசியாரிடம்தான் அதைப் பெற்றார். எங்கும், எப்போதும், எல்லோராலும் நம்பப்பட்டது என்று 434-இல் லெரின்சு வின்சென்ட் சொன்ன அளவுகோலை இதில் வைத்தால் சரியாகப் பொருந்தாது. மரபே இரண்டு குரலில் பேசியிருக்கிறது.

வேதம் மட்டும் என்றவர்களும் இரண்டு குரலில்தான் பேசினார்கள். 1525-இல் சூரிச்சில் அந்நகரின் சீர்திருத்தவாதி சுவிங்கிலியிடம் வேதம் கற்ற இளைஞர்களே அவரைவிட்டுப் பிரிந்து, விசுவாசித்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று ஒருவருக்கொருவர் மறுபடியும் கொடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்சை நகர மன்றம் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. இரு தரப்பும் ஒரே நூலைத்தான் கையில் வைத்திருந்தன. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினும் வேதத்தை வைத்துத்தான் குழந்தை ஞானஸ்நானத்தை நிலைநாட்டினார். பழைய உடன்படிக்கையில் விருத்தசேதனம் நின்ற இடத்தில் இப்போது இது நிற்கிறது என்றார். ஆகவே அண்ணனிடம் மென்மையாகச் சொல்லுங்கள்: அவருடைய நிலைப்பாடு மதிப்புக்குரிய ஒரு வாசிப்பு. அதற்கும் ஏறக்குறைய 500 ஆண்டு மரபு இருக்கிறது.

என் கருத்து இது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடு என்ற நேரடிக் கட்டளை வேதத்தில் இல்லை; கொடுக்காதே என்ற தடையும் இல்லை. கொர்பானைப் போல எந்தக் கட்டளையையும் இந்த வழக்கம் அவமாக்கவில்லை. அப்படியிருக்க, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தாவது சபை கைக்கொண்டுவரும் இதை மனிதர் பாரம்பரியம் என்று தள்ள நியாயம் இல்லை. நீங்கள் இதற்குச் சம்மதித்தால் உங்கள் சபையின் விசுவாசத்தை மறுதலித்தவர் ஆகமாட்டீர்கள்.

பிள்ளை வளர்ந்தபின், நீ குழந்தையில் பெற்றது செல்லாது, மறுபடி எடு என்று யாராவது சொல்லும் நாள் வரலாம். அதற்கும் சபை வரலாற்றில் ஒரு பழைய வழக்கு உண்டு. பிரிந்துபோன குழுக்களிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திரும்பி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்று சிப்ரியான் வாதாடினார். கூடாது, கைமாறி வந்த வழக்கத்துக்கு மேல் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள் என்றார் ரோமின் ஆயர் ஸ்தேவான். “சத்தியமில்லாத வழக்கம் பழமைப்பட்ட தவறு மட்டுமே” என்ற புகழ்பெற்ற வாக்கியத்தைச் சிப்ரியான் எழுதியது இந்தச் சண்டையில்தான். எங்கள் பக்கத்தில் அதை மேற்கோள் காட்டாத ஆள் இல்லை. மேற்குச் சபை கடைசியில் ஏற்றுக்கொண்டது ஸ்தேவானின் பக்கத்தை என்பதைத்தான் பலரும் சொல்வதில்லை! வாக்கியம் சரியானதே, அவர் அதைப் பொருத்திய இடம்தான் நிலைக்கவில்லை. தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் நீங்கள் உங்கள் சபையில் பெற்ற ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்று ஏற்பது அந்தத் தீர்மானத்தின் தொடர்ச்சிதான். வீட்டில் உங்களை யாராவது அரைக் கிறிஸ்தவராக நடத்தினால் இதை நினைவூட்டலாம்.

நடைமுறையில் இன்னொன்று. கலப்புத் திருமணத்துக்கு அனுமதி பெறும் கத்தோலிக்கர், பிள்ளைகள் எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று வளர்வதற்குத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1125-ஆம் பிரிவு. அந்த வாக்குறுதி மற்றவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். உங்களுக்கு அது தெரிவிக்கப்பட்டதா, அப்போது நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்பதைக் கணவரோடு தனியே உட்கார்ந்து பேசுங்கள். உறவினர் கூடியிருக்கும் நேரம் இதற்கு உகந்ததல்ல. அவர் பிடிவாதம் பிடிப்பதாக உங்களுக்குத் தோன்றுவது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் கவலையாக இருக்கலாம். நீங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. பிள்ளைக்கு வேதம் வாசித்துக் காட்டவும் உங்கள் சபையின் பாடல்களைக் கற்றுக்கொடுக்கவும் உங்களுக்கு இடம் உண்டு என்பதை இப்போதே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நூற்றாண்டில், ஏறக்குறைய 155-இல், யோவானின் சீடர் பொலிக்கார்ப்பு உயிர்ப்புப் பண்டிகையின் நாளைப் பற்றிப் பேச ரோமின் ஆயர் அனிசேத்துவிடம் வந்தார். இருவருமே தங்கள் முன்னோரின் மரபைக் காட்டினார்கள், இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் திருவிருந்தை நடத்தும்படி அனிசேத்து பொலிக்கார்ப்புக்கு இடம் கொடுத்தார்; சமாதானமாகப் பிரிந்தார்கள். அண்ணனும் கணவரும் அடுத்த முறை வாதம் தொடங்கும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். இருவருமே தங்கள் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் கெடுதல் இல்லை.

அண்ணனை ஒதுக்கிவைக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. கத்தோலிக்கரான ஞானப்பெற்றோர் ஒருவர் உடன் இருந்தால், ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையினர் ஒருவரும் சாட்சியாக நிற்கத் திருச்சபைச் சட்டத்தின் 874-ஆம் பிரிவு இடம் தருகிறது. அவரிடம் கேளுங்கள். மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் சபையில் உங்களுக்கு நெருக்கமான மூத்தவர் ஒருவரைக் கேட்கலாம். யார் நிற்பது என்பதைப் பங்குத்தந்தையிடம் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். பிறகு உங்களுக்கு இதற்கெல்லாம் அலைய நேரம் இருக்காது.